மூலை வெட்டிய புத்தகம்

1

ஊரிலிருந்து தம்பி போன் செய்தால் கடைசியாகக் கேட்பது ஒன்றுதான். "அங்கயே நிரந்தரமா இருக்க எழுதிப் போட்டியே, கிடைச்சிருச்சா?" இன்னும் இல்லை என்பேன். பிறகு அங்கே மழை உண்டா என்று கேட்பான். அவனிடம் இதுவரை சொல்லாத ஒன்றை, ஊரில் இதைப் படிக்கிற எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். எனக்குப் பேச்சு வராது. எழுதும்போது எதிரில் முகம் இருப்பதில்லை, அதனால் கொஞ்சம் வரும்.

மலேசியாவுக்கு வந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. கெடா மாநிலத்தில் சுங்கை லாலாங்கில், பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். பீடோங் டவுனில் ஒரு தமிழ் மளிகைக் கடையில் எனக்கு வேலை. மனைவி பிலோமினா இங்கே தோட்டத்தில் பிறந்தவள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். மகள் ரெஜினாவுக்குப் பதினேழு வயது. அவர்கள் இருவரும் இந்த நாட்டுப் பிரஜைகள். நான் மட்டும் மனைவி கையெழுத்துப் போட்டுப் போட்டு விசா நீட்டித்துக்கொண்டு இருப்பவன்.

போன மாதம் கடிதம் வந்தது. நிரந்தர வசிப்புக்கு நேர்காணல், வியாழக்கிழமை காலை ஒன்பது மணி, அலோர் ஸ்டார். கூடவே கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியல். பிலோமினா சாப்பாட்டு மேசையில் ஆவணங்கள் சேர்த்த கோப்பை விரித்து வைத்து ஒவ்வொன்றாக வாசித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து நாளாகியிருந்தது.

"கல்யாண சூராட்டு?" சான்றிதழை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"இருக்கு."

"போட்டோ?"

"இருக்கு."

"எல்லா பாஸ்போர்ட்டும். பழசு, புதுசு. ஒரிஜினல்."

"இருக்கு" என்றேன்.

பழையது இருந்தது. பாஸ்போர்ட்டாக இல்லை.

2

சிவகாசியில் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் நோட்டுப் பட்டறைக்கு வேலைக்குப் போனேன். விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. நான் திரும்பிப் போகவில்லை. தாள் மடிப்பேன், நூல் கோத்துத் தைப்பேன், பசை தடவி அட்டை ஒட்டுவேன். கோடு போட்டது, போடாதது, கட்டம் போட்டது என்று எத்தனை நோட்டு என் கையில் பிறந்ததோ தெரியாது. எதிலும் ஒரு வரி எழுதியதில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வெட்டும் மெஷினில் தாள் நகர்ந்து சில நோட்டுகளுக்கு மூலை போய்விடும். அது விற்பனைக்கு ஆகாது. கழிவுக் குவியலில் போடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அந்தக் குவியலில் இருந்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். மூலை வெட்டிய நோட்டு முதலாளிக்கு வேண்டாதது, எடுத்தவனுக்குச் சொந்தம். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. கேட்கவும் வேண்டாம், எடுக்கலாம்.

மலேசியாவுக்கு ஓட்டல் வேலைக்கு வந்த முதல் வருடம், கோதுமை மாவுப் பையின் பழுப்புத் தாளை உதறித் துடைத்து ஒரு புத்தகம் தைத்தேன். எதற்கென்று தெரியவில்லை. கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். அதில் பஸ் டிக்கெட்டை ஒட்டினேன். ஓர் இலையை ஒட்டினேன். ஜெராய் மலை அன்றைக்குத் தெரிந்த மாதிரி பென்சிலில் ஒரு கோடு இழுத்தேன். கீழே ஒரு வரி எழுதினேன். பிறகு விடவில்லை. இப்போது பதினொரு புத்தகம் இருக்கிறது. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டியிருப்பதால் பூச்சி அரிக்கவில்லை. அரிசி மூட்டையின் சீட்டு, குருத்தோலை ஞாயிறன்று கொடுத்த ஓலையின் ஒரு கீற்று, ரெஜினா பிறந்தபோது மருத்துவமனையில் அவள் காலில் கட்டிய பட்டை, எல்லாம் அவற்றில் இருக்கின்றன. யாருக்கும் காட்டியதில்லை. காட்டும்படி அதில் ஒன்றும் இல்லை. ரெஜினா மட்டும் சில சமயம், "அப்பா, இந்தக் குப்பையெல்லாம் எப்பப்பா தூக்கிப் போடுவீங்க?" என்பாள். அவள் படித்தது மலாய்ப் பள்ளியில். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. ஆகவே அவளுக்கு அது உண்மையில் குப்பைதான்.

பதினொரு வருடத்துக்கு முன் என் முதல் பாஸ்போர்ட் காலாவதியானது. புதியது வந்தபோது பழையதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதன் மூலையை வெட்டியிருந்தார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். அட்டையில் ரத்து என்று முத்திரை இருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்தது அந்த மூலை. கை தானாகவே முடிவு செய்துவிட்டது. நூலை அறுத்துத் தாள்களைத் தனித்தனியாகப் பிரித்தேன். நல்ல தாள், பட்டறையில் நான் தொட்டறியாத தாள். அவற்றை என் முதல் புத்தகத்தின் இடையிடையே வைத்து மறுபடி தைத்தேன். முத்திரை விழுந்த ஒவ்வொரு பக்கத்திலும் அது விழுந்த நாளை நினைத்துப் பென்சிலால் ஒரு வரி எழுதினேன்.

3

நேர்காணலுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. கெடாவில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. சனிக்கிழமை மதியம் மூவரும் வீட்டில் இருந்தோம். புத்தகத்தைக் கொண்டுவந்து பிலோமினாவின் கோப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். திறந்து காட்டினேன்.

அவள் ஒரு பக்கத்தைப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள்.

"இதா ஒங்க பாஸ்போர்ட்டு?"

தலையை ஆட்டினேன்.

"நீங்க வீட்டுல உக்காந்து தைக்கிறீங்க. பதினெட்டு வருஷமா ஒவ்வொரு கவுன்ட்டரா நிக்கிறது நான்" என்றாள். சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்குப் பாத்திரம் ஏதும் இல்லை.

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. வேலைப் பர்மிட்டில் வந்தவன் இங்கே கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. அதனால் நான் வேலையை விட்டு முறையாக ஊருக்குத் திரும்பினேன். அவள் அங்கே வந்தாள், சிவகாசி மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது, பிறகு கணவனாகத் திரும்பி வந்தேன். நான் போனதற்கும் வந்ததற்கும் சாட்சி அந்தப் பழைய பாஸ்போர்ட்டின் முத்திரைகள்தான். அவை இல்லை என்றால், இவன் பர்மிட்டில் இருந்துகொண்டே கல்யாணம் செய்தவனோ என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் நிரந்தர வசிப்பு மட்டுமல்ல, வருகிற விசாவும் போகலாம்.

பிலோமினா அவளுடைய அண்ணனை வரச் சொன்னாள். சேவியர் மச்சான் லாரி ஓட்டுகிறவர். எதற்கும் வழி உண்டு என்று நம்புகிறவர். இங்கத்து வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுவார். புத்தகத்தை நிமிர்த்தியும் கவிழ்த்தியும் பார்த்தார்.

"ஏன் மாப்ள, வேற பேப்பரா கிடைக்கல? கடையில அத்தன பெட்டி கிடக்கு லா."

புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"சரி விடுங்க. பென்சில்தான? அழிச்சிருங்க. பக்கத்தப் பிரிச்சு பழைய அட்டைக்குள்ள வச்சு தைச்சிருங்க. ஒங்களுக்குத் தெரியாத தையலா? கம்பெனி தையல் மாதிரி போட்டுருவீங்க. ஒருத்தனுக்கும் தெரியாது."

சோபாவில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த ரெஜினா தலையைத் தூக்கினாள். "மாமா, அது கேஸ் ஆயிரும். அப்பாவ ஊருக்கு அனுப்பிருவாங்க."

"பிடிச்சாத்தான?"

"பிடிச்சா?"

"நீ சும்மா இரு லா. பெரியவங்க பேசுறோம்." என் பக்கம் திரும்பினார். "தொலைஞ்சிருச்சுன்னு சொல்றது ஒரு வழி. அதுக்குப் போலீஸ் ரிப்போர்ட்டு வேணும், அங்க போய்ப் பொய் சொல்லணும். ஒங்களுக்கு உண்மையே வாயில வராது, பொய் எங்க வரும்? தையுங்க மாப்ள. தைக்கிறதுக்கு வாய் வேணாம்."

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். முகத்தைப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

4

தைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. ஊசி, மெழுகு தடவிய நூல், வெள்ளை ரப்பர். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பிலோமினா எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கோபத்தில் அல்ல, கூடவே இருக்க வேண்டும் என்பது போல.

தாள் ஒன்றைக் கழற்றாமலே முதலில் அழித்துப் பார்க்கலாம் என்று முதல் முத்திரைப் பக்கத்தை எடுத்தேன். ஒரு சொல்லை அழித்தேன். பென்சில் போய்விட்டது. நன்றாகவே போனது. மூச்சு வந்தது. தாளைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

பாஸ்போர்ட் தாளில் பூ வேலை மாதிரி மெல்லிய வண்ணக் கோடுகள் அச்சடித்திருப்பார்கள். அழித்த இடத்தில் அந்தக் கோடுகள் வெளுத்திருந்தன. தாளின் மேல்தோல் லேசாகப் பஞ்சு விட்டிருந்தது. தடவினால் விரலுக்குத் தெரிந்தது. அடுத்து மடிப்பைப் பார்த்தேன். பழைய தையலின் துளைகள் ஒரு வரிசை, நான் போட்ட துளைகள் இன்னொரு வரிசை. ஊசி போன இடத்தைத் தாள் மூடிக்கொள்ளாது. பசை வைத்து அடைக்கலாம். அடைத்தால் அடைத்தது தெரியும். பட்டறையில் தவறான தையலைப் பிரித்துத் தைத்த நோட்டை மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே கண்டுபிடிப்பார். தினம் நூறு பாஸ்போர்ட் தொடுகிற விரலுக்குத் தெரியாமல் போகுமா?

ரப்பரைக் கீழே வைத்தேன்.

"முடியாதா?" என்றாள் பிலோமினா.

"முடியும். கண்டுபிடிப்பாங்க."

"அப்ப?"

"இப்படியே கொண்டுபோறேன்."

அவள் மேசையில் கிடந்த ரப்பர் தூளைக் கையால் கூட்டித் தள்ளினாள். "ஒங்களால அவங்ககிட்ட வாயத் திறந்து சொல்ல முடியாதே" என்றாள். அது குற்றச்சாட்டு இல்லை. உள்ள நிலவரம். பிறகு உள்ளே பார்த்து, "ரெஜி, வியாழக்கிழமை நீ ஸ்கூலுக்கு லீவு சொல்லு" என்றாள்.

5

அலோர் ஸ்டார் போகிற வழியில் கூருன் டவுனைத் தாண்டினால் இரு பக்கமும் வயல்தான். பிலோமினா கார் ஓட்டினாள். புத்தகத்தை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். ரெஜினா பின் ஸீட்டில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை என்று தெரியும். கால் ஆடிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் எங்களைப் பிரித்துவிட்டார்கள். கணவன் மனைவியைத் தனித்தனியாகக் கேட்பது அங்கே வழக்கமாம். பிலோமினா கோப்போடு ஓர் அறைக்குள் போனாள். என்னை வேறு மேசைக்குக் கூப்பிட்டார்கள். தலையில் நீலத் துணி அணிந்த ஒரு மலாய்க்கார அம்மாள், என் வயதிருக்கும். இங்கே இப்படிப்பட்டவர்களைப் புவான் என்று அழைப்பது மரியாதை. பெயர், வேலை, முகவரி கேட்டார். இவ்வளவும் என் கடை மலாய் தாங்கியது. பிறகு பழைய பாஸ்போர்ட்டைக் கேட்டார்.

துண்டைப் பிரித்துப் புத்தகத்தை வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதல் தாளைத் திருப்பினார். பஸ் டிக்கெட். அடுத்தது, இலை. அடுத்தது, என் புகைப்படம் உள்ள பாஸ்போர்ட் பக்கம். அவர் கை நின்றது. கேட்டது எனக்குப் புரிந்தது. பதிலும் தெரிந்தது. வாயில் வரவில்லை. அவர் மறுபடி கேட்டார், இம்முறை மெதுவாக. ரெஜினா உட்கார்ந்திருந்த வெளி பெஞ்சைக் கையால் காட்டினேன். ரெஜினாவைக் கூப்பிட்டார்கள்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். புவான் பேசியதைக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள். "அப்பா, ஏன் கிழிச்சீங்கன்னு கேக்குறாங்க."

"கிழிக்கல. பிரிச்சேன்."

"ரெண்டும் அவங்களுக்கு ஒண்ணுதாம்பா. ஏன்?"

மூலை வெட்டிய நோட்டைப் பற்றிச் சொன்னேன். பட்டறை, கழிவுக் குவியல், சனிக்கிழமை. இதையெல்லாம் நான் என் மகளிடமும் அதுவரை சொன்னதில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அஞ்சாம் வகுப்புலயா?" என்றாள். "ஆமா." அவள் புவானுக்கு அதை மலாயில் சொல்லச் சற்று நேரம் பிடித்தது.

புவான் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பாஸ்போர்ட் பக்கம் ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது, என்ன முத்திரை, மேலே கையால் என்ன எழுதியிருக்கிறது, எல்லாவற்றையும் வாக்குமூலமாகப் பதிய வேண்டும் என்றார். எழுதியதை நானே வாசிக்க வேண்டும். மகள் மலாயில் சொல்ல வேண்டும்.

முதல் முத்திரை. ரப்பர் பட்டு ஒரு சொல் போன வரி. "... நாள் முழுதும் பேச ஆள் இல்லை" என்று வாசித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ரெஜினா சொன்னாள். புவான் தட்டினார்.

ஊருக்குத் திரும்பிய முத்திரை. "வந்துவிடுவேன் என்று பிலோமினாவிடம் சொன்னேன். விடுவார்களா தெரியாது. பயம் என்று சொல்லவில்லை." ரெஜினா சொன்னாள். புவான் தேதியை உற்றுப் பார்த்து, கல்யாணச் சான்றிதழின் நகலோடு ஒத்துப் பார்த்தார். தலையசைத்தார்.

திரும்பி வந்த முத்திரை. "இரண்டு பேராக வந்தோம். மழை. குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள், தான் நனைந்தாள்." பக்கத்து மேசைக்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அடுத்து முத்திரை இல்லாத ஒரு பக்கம். அதில் ஒரு சிறிய கை. விரல்களைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தது. அந்தப் பக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். வராமல் போய்விடாதா என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இது யார் கைன்னு கேக்குறாங்க."

"ஒன்னோடது. ஆறு வயசு."

அவள் தன் கையைப் பார்த்தாள். "கீழ என்ன எழுதியிருக்கு?"

புவான் காத்திருந்தார். கம்ப்யூட்டரில் கோடு ஒன்று மின்னி மின்னி நின்றது.

"படிங்கப்பா."

படித்தேன். "மலாய்ப் பள்ளியில் பெயர் கொடுத்தாயிற்று. நான் எழுதுவதை இவள் ஒருநாளும் படிக்க மாட்டாள்."

ரெஜினா மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். புவான் "ம்?" என்றார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து மலாயில் ஒரு வாக்கியம் சொன்னாள். சின்ன வாக்கியம். புவான் தட்டினார்.

மற்ற பக்கங்களில் விசா நீட்டித்த முத்திரைகளும் சின்னச் சின்ன வரிகளும்தான், அவையும் பதிவாயின. புவான் வாக்குமூலத்தை அச்செடுத்துக் கொண்டுவந்தார். எல்லாம் சரியாக மொழிபெயர்க்கப்பட்டது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

எனக்கு மலாய் எழுத்துக்கூட்டத் தெரியும். கடைப் பெட்டிகளில் படித்துப் பழகியது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் போனேன். கை உள்ள பக்கத்துக்கு வந்தேன். "ஆக்கான் பாச்சா" என்றிருந்தது. படிப்பாள் என்று அர்த்தம். "தீடாக்" என்று ஒரு சொல் இருக்க வேண்டும், இல்லை என்பதற்கு. முன்னே தேடினேன். பின்னே தேடினேன். இல்லை.

நான் எழுதியது படிக்க மாட்டாள் என்று. அரசாங்கத் தாளில் இருந்தது படிப்பாள் என்று.

ஒரு துளையைக்கூட அடைத்து மறைக்காமல் புத்தகத்தை அப்படியே கொண்டுவந்தவன் நான். இப்போது கையெழுத்துப் போட்டால் பொய். மாற்று என்று சொன்னால், அதிகாரியிடம் தவறாகச் சொன்னவள் என் மகள். புவான் மணியைப் பார்த்தார். நான் ரெஜினாவைப் பார்த்தேன். அவள் முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்.

"போடுங்கப்பா. அது பொய் ஆகாது."

போட்டேன். தமிழில்தான் எனக்குக் கையெழுத்து வரும்.

புத்தகத்தை அவர்கள் கோப்போடு வைத்துக்கொண்டார்கள். நான் செய்ததை ஒரு போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுத்து நகல் அனுப்ப வேண்டும் என்றார் புவான். இருக்கிற விசா நடக்கும், முடிவு கடிதத்தில் வரும், புத்தகம் திரும்பி வருமா என்று இப்போது சொல்ல முடியாது. ஒரு ரசீது கொடுத்தார்.

காரில் கூருன் தாண்டினோம். பிறகு பிலோமினாதான் ஆரம்பித்தாள். "என்னைய என்ன கேட்டாங்க தெரியுமா? ஓய்வு நேரத்துல ஒங்க வீட்டுக்காரர் என்ன செய்வாருன்னு."

"என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? பாஸ்போர்ட்ட பிரிச்சு தைப்பாருன்னா சொல்றது? புத்தகம் செய்வாருன்னேன். எதுக்குன்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன்." வண்டியை ஒரு லாரிக்கு ஒதுக்கினாள். "எனக்கு உண்மையாவே தெரியாதுங்க."

பின் ஸீட்டில் ரெஜினா பாட்டைக் காதில் மாட்டிக்கொள்ளவில்லை.

6

கடிதம் இன்னும் வரவில்லை. தபால்காரர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மூவரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்துகிறோம். ரசீதை நான் ஒட்டவில்லை. பன்னிரண்டாவது புத்தகத்தின் அட்டை உட்புறத்தில் தாளால் ஒரு பை செய்து அதில் வைத்திருக்கிறேன். வேண்டும்போது எடுக்கலாம்.

போன வெள்ளிக்கிழமை மதியம் ரெஜினா இரண்டாவது புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். போனில் தமிழ் எழுத்து அட்டவணை ஒன்றைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சொல்லிக் கொடுக்கவா என்று கேட்டதற்கு, "வேணாம், நீங்க பேசாதீங்க" என்றாள். அதில் எனக்குச் சிரமம் இல்லை.

ஒரு பக்கத்தின் கீழே விரல் வைத்தாள். உதடு அசைந்தது. அட்டவணையைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். பிலோமினா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது, யாரும் கூப்பிடவில்லை.

கடைசியில் சத்தமாக வாசித்தாள். "ம... ழை. கடை... க்கு... யாரும்... வர... வில்லை."

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? இதுக்காப்பா பென்சில் சீவுனீங்க?" என்று கேட்டுவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.